கழித்தல் ஒன்று என்பது எந்த நாள்?

மெயின்பிரேமில் வேலை செய்கிறவர்கள் பல கோப்புகளை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஜீரோ’ என்பார்கள், ‘பிளஸ் ஒன்’ என்பார்கள், ‘மைனஸ் ஒன்’ என்பார்கள். ஜீரோ என்றால் இப்போது நடப்பில் இருப்பது. பிளஸ் ஒன் இனிமேல் பிறக்கப்போவது. மைனஸ் ஒன் நடப்புக்கு முந்தையது. வங்கியின் கணக்குக் கோப்போ, காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசிக் கோப்போ, ஒவ்வோர் இரவும் முழுக்கப் புதிதாக எழுதப்படும். பழையது அழிவதில்லை, ஓர் இடம் பின்னால் தள்ளி உட்காரும். இப்படி ஒரே பெயரின் கீழ் வரிசைகட்டி நிற்கும் கோப்புகளின் கூட்டத்துக்கு ஐபிஎம் வைத்த பெயர் ஜெனரேஷன் டேட்டா குரூப். புழக்கத்தில் ஜிடிஜி.

ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறாத சொந்தப் பெயர் ஒன்று உண்டு. பேங்க்.அக்ட்.மாஸ்டர் என்பது குழுவின் பெயர் என்று வைத்துக்கொண்டால், அதன் 417ஆவது தலைமுறை பேங்க்.அக்ட்.மாஸ்டர்.ஜி0417வி00. ஜி-க்குப் பின் நான்கு இலக்கம், வி-க்குப் பின் இரண்டு. மெயின்பிரேமில் கோப்பின் பெயர் 44 எழுத்தைத் தாண்டக்கூடாது. இந்த வாலுக்குப் புள்ளியோடு சேர்த்து 9 போய்விடுவதால் குழுவின் பெயருக்கு 35தான் மிச்சம். ஜீரோவும் மைனஸ் ஒன்னும் டிஸ்க்கில் எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. யாராவது கேட்கும்போது கோப்புப் பெயர்களின் பதிவேடான கேட்டலாக்கைத் திறந்து, வரிசையின் கடைசியிலிருந்து எண்ணிப் பார்த்து, கணினி சொல்லும் விடைகள் அவை. நாளை இதே கேள்விக்கு வேறு கோப்பு வந்து நிற்கும்.

யூனிக்ஸ் உலகில் லாக்ரொட்டேட் என்ற நிரல் பழைய பதிவேடுகளைச் சுழற்றும் விதம் இதற்கு நேர்மாறு. அதன் வழக்கமான முறையில் மெசேஜஸ்.1 என்ற கோப்பு அடுத்த சுழற்சியில் மெசேஜஸ்.2 ஆகிவிடும். அங்கே பெயரே நகர்கிறது. ‘மெசேஜஸ்.2இல் இந்தப் பிழையைப் பார்த்தேன்’ என்று ஒருவர் குறிப்பெழுதி வைத்தால், சில நாளில் அந்தக் குறிப்பு பொய்யாகிவிடும். ஐபிஎம்மின் வடிவமைப்பாளர்கள் பெயரை அசைக்கவில்லை. எண்ணத் தொடங்கும் இடத்தை மட்டும் அசைத்தார்கள். சிஸ்டம்/360 கணினிகள் 1964 ஏப்ரல் 7 அன்று அறிவிக்கப்பட்டன. அவற்றுக்காக எழுதப்பட்ட ஓஎஸ்/360லேயே இந்த ஏற்பாடு இருந்தது. அந்த அமைப்புக்கு ஆணையிடும் மொழியான ஜேசிஎல் மோசமாக அமைந்துவிட்டது என்று அதன் உருவாக்கத்தை வழிநடத்திய ஃப்ரெட் ப்ரூக்ஸே பின்னாளில் வெளிப்படையாக வருந்தியிருக்கிறார். அவர் வருத்தம் நியாயமானதே. ஆனால் அதே மொழியில் அடைப்புக்குறிக்குள் ஓர் எண்ணாக உட்கார்ந்திருக்கும் இந்தத் தலைமுறைக் கணக்கு, மென்பொருள் வரலாற்றின் நல்ல யோசனைகளில் ஒன்று. உரிய பாராட்டு அதற்குக் கிடைத்ததில்லை.

யோசனை கணினிக்குள் பிறந்ததல்ல, டேப் அறையில் பிறந்தது.

காந்த நாடாவின் நடுவில் இருக்கும் ஒரு பதிவை மட்டும் திருத்தி எழுதுவது நடக்காத காரியம். ஆகவே கணக்கு எண் வரிசையில் அடுக்கிய பழைய மாஸ்டர் டேப்பை ஒரு டிரைவில் ஏற்றுவார்கள். அன்றைய வரவுசெலவுகளை அதே வரிசையில் அடுக்கி இன்னொன்றில் ஏற்றுவார்கள். நிரல் இரண்டையும் இணையாகப் படித்துக்கொண்டே போய், மூன்றாவது டிரைவில் புதிய மாஸ்டரை எழுதும். மாற்றமில்லாத கணக்குகள் அப்படியே நகலாகும். மாறியவை புது இருப்போடு எழுதப்படும். ஓட்டம் முடிந்ததும் பழைய டேப் தொடப்படாமல் கையில் இருக்கும். அதை ‘அப்பா’ என்றார்கள், புதியதை ‘மகன்’, இரண்டுக்கும் முந்தையதைத் ‘தாத்தா’. மகன் கெட்டுப்போனால் அப்பாவையும் அன்றைய பரிவர்த்தனை டேப்பையும் வைத்து மறுபடி பிறப்பிக்கலாம். அப்பாவும் கெட்டால் தாத்தாவிலிருந்து இரண்டு தலைமுறை வரலாம். எது எந்தத் தலைமுறை என்பதை ரீலின் மேல் ஒட்டிய தாள்தான் சொல்லும்.

ரீலின் பின்புறம் ஒரு வட்டப் பள்ளம் இருக்கும். அதில் பிளாஸ்டிக் வளையம் ஒன்றைப் பொருத்தினால்தான் டிரைவ் அந்த டேப்பில் எழுதும். வளையத்தைக் கழற்றிவிட்டால் படிக்க மட்டும்தான் முடியும். புது மாஸ்டர் எழுதி முடிந்த கணமே ஆபரேட்டர் வளையத்தைக் கழற்றிவிடுவார். அதற்குப் பிறகு எந்த நிரல் பிசகினாலும் அந்தத் தலைமுறைக்கு ஆபத்தில்லை.

டிஸ்க் வந்தபோது இந்த நிர்ப்பந்தம் நீங்கியது. வேண்டிய பதிவை அதே இடத்தில் திருத்தி எழுதலாம் என்று ஆயிற்று. ஆனாலும் இரவு ஓட்டங்கள் பழைய முறையைக் கைவிடவில்லை. நேற்றைய இறுதி இருப்பைத் தொடாமல் புது ஏட்டில் தொடக்க இருப்பாக எழுதி மேலே போகும் கடைக் கணக்குப்பிள்ளையின் ஒழுக்கம் அவற்றில் தங்கிவிட்டது. டேப்பின் குறையால் வந்த பழக்கத்தைக் குறை போன பின்னும் ஏன் காப்பாற்றினார்கள் என்பது, ஒரு ஜாப் பாதியில் நின்ற இரவில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அப்படி ஓர் இரவை அருகிலிருந்து பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை. கேட்டலாக்கில் கடைசியாக இருப்பது ஜி0417, அதாவது திங்கட்கிழமை முடிந்த கணக்கு. ஜாப்பில் மூன்று ஸ்டெப். முதல் ஸ்டெப் (0)-ஐப் படித்து, அன்றைய வரவு பற்றுகளைச் சேர்த்து, (+1)-ஐ எழுதுகிறது. இரண்டாவது வட்டியைக் கணக்கிடுகிறது. மூன்றாவது அறிக்கை அச்சிடுகிறது. முதல் ஸ்டெப் நல்லபடியாக முடிந்து, ஜி0418 கேட்டலாக்கில் ஏறிவிட்டது. ஜாப் ஓடிக்கொண்டிருக்கும்வரை, மூன்றாவது ஸ்டெப்பிலும் (+1) என்றால் அதே ஜி0418தான். ஒரு ஜாப்புக்குள் எண்ணும் இடம் மாறாது. மூன்றாவது ஸ்டெப்பில் எஸ்0சி7. எண் இருக்கவேண்டிய இடத்தில் வெற்றிடமோ எழுத்தோ வந்து, கூட்டல் நின்றுபோனதற்கு அடையாளமான பிழை அது. கோபால் மொழியில் நிரல் எழுதுகிறவர்களில் அதைச் சந்திக்காதவர் இருக்க முடியாது.

பிழைக்குக் காரணமான பதிவைச் சரிசெய்தாயிற்று. இப்போது ஜாப்பை மீண்டும் ஓட்டவேண்டும். இங்கேதான் இரண்டு பள்ளங்கள் காத்திருக்கின்றன. மூன்றாவது ஸ்டெப்பிலிருந்து ரீஸ்டார்ட் செய்தால், ஜேசிஎல்லில் எழுதியிருக்கும் (+1) இப்போது ஜி0419-ஐக் குறிக்கும். அப்படி ஒரு கோப்பே இல்லை. ஜாப் உடனே விழுந்துவிடும். (+1)-ஐ (0) என்று மாற்றிவிட்டு ஓட்டினால் சரியாகிவிடும். இது சத்தம் போட்டு விழுகிற பிழை, அதனால் ஆபத்து குறைவு. இரண்டாவது பள்ளம் சத்தமில்லாதது. முதலிலிருந்தே ஓட்டிவிடலாம் என்று ஒருவர் முடிவெடுத்தால், (0) இப்போது ஜி0418. அதில் செவ்வாய்க்கிழமையின் வரவு பற்றெல்லாம் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. நிரல் அதை ‘நேற்றைய கணக்கு’ என்று நம்பி, செவ்வாய்க்கிழமையை இன்னொரு முறை அதன்மேல் ஏற்றி, ஜி0419 என்று எழுதி, எந்தப் பிழையும் காட்டாமல் முடியும். சம்பளம் வந்தவருக்கு இரண்டு முறை வரவு. வீட்டுக்கடன் தவணை கட்டியவருக்கு இரண்டு முறை பற்று. முதலில் ஜி0418-ஐ நீக்கிவிட்டு ஓட்டியிருந்தால் எண்ணும் இடம் ஜி0417-க்குத் திரும்பியிருக்கும். புதிதாகப் பிறப்பதற்கும் ஜி0418 என்ற பெயரே கிடைத்திருக்கும். ஓர் இலக்க வேறுபாடுதான், அதன் விலை ஒரு வங்கியின் ஒருநாள் கணக்கு.

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் ரீஸ்டார்ட் மேலாண்மைக்கென்றே தனி மென்பொருள்களை நிறுவனங்கள் வாங்கிவைக்கின்றன. எந்தத் தலைமுறை அந்த ஓட்டத்தில் பிறந்தது என்று அவை நினைவில் வைத்துக்கொண்டு, மறு ஓட்டத்தில் எண்களைத் திருத்திக் கொடுக்கும். அவை இல்லாத இடங்களில் மனிதர் கண்ணால் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

மைனஸ் ஒன் என்பது நேற்றைய கோப்பு என்று புதிதாக வருகிறவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். பெரும்பாலான நாட்களில் அது உண்மையாகவும் இருந்துவிடுகிறது. ஆனால் ஜிடிஜி நாட்களை எண்ணுவதில்லை, ஓட்டங்களை எண்ணுகிறது. விடுமுறையில் ஜாப் ஓடவில்லை என்றால் மைனஸ் ஒன் மூன்று நாள் பழையது. ஒரே நாளில் திருத்தத்துக்காக இரண்டு முறை ஓடியிருந்தால் மைனஸ் ஒன் இன்றைக்கே காலையில் பிறந்தது. 1990களில் 2000ஆம் ஆண்டுச் சிக்கலைத் தீர்க்கும் வேலையோடு அமெரிக்க, ஐரோப்பிய மெயின்பிரேம்கள் சென்னைக்கும் வந்து சேர்ந்தபோது, இதில் இன்னொரு முடிச்சும் சேர்ந்தது. நியூயார்க்கில் நள்ளிரவு 12 அடிக்கும்போது சென்னையில் காலை 10:30. அங்கே கோடைக்காலம் என்றால் 9:30. அங்கே திங்கட்கிழமையின் கணக்கை முடிக்கும் ஓட்டத்தை இங்கே செவ்வாய்க்கிழமைக் காலை ஷிஃப்டில் உட்கார்ந்திருப்பவர் கவனிக்கிறார். தொலைபேசியில் இருவரும் ‘நேற்றைய ஃபைல்’ என்று சொன்னால் இருவர் மனதிலும் இருப்பது ஒரே கோப்பு என்று சொல்ல முடியாது. அனுபவப்பட்டவர்கள் அந்த இடத்தில் ‘ஜி-நம்பர் சொல்லுங்கள்’ என்பார்கள்.

பழைய தலைமுறைகளைப் பார்ப்பதற்கு ஐடிகேம்ஸ் என்ற பயன்பாட்டு நிரலின் லிஸ்ட்கேட் ஆணை இருக்கிறது. குழுவின் பெயரைக் கொடுத்தால் அதன் எல்லை, விதிகள், ஒவ்வொரு தலைமுறையின் பெயர், எந்த வால்யூமில் இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று வரிசையாகக் கொட்டும். பழையது மேலே, புதியது கீழே. கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி எண்ணினால் ஜீரோ, மைனஸ் ஒன், மைனஸ் டூ. ஐஎஸ்பிஎஃப் திரையில் 3.4 என்று போட்டுப் பெயரின் தொடக்கத்தைக் கொடுத்தாலும் பட்டியல் வந்துவிடும். வால்யூம் இருக்கவேண்டிய இடத்தில் ‘மிக்ராட்’ என்று எழுதியிருந்தால், நெடுநாள் தொடப்படாத அந்தத் தலைமுறையை ஹெச்எஸ்எம் என்ற சேமிப்பு மேலாண்மை மென்பொருள் அடியில் உள்ள சேமிப்புக்கு இறக்கிவிட்டது என்று பொருள். கேட்டால் திரும்ப ஏற்றித் தரும், சற்றுக் காத்திருக்க வேண்டும்.

குழுவின் பெயரை அடைப்புக்குறி எண் இல்லாமல் வெறுமனே கொடுத்தால், எல்லாத் தலைமுறைகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி ஒரே கோப்பாக வரும். இதிலும் ஒரு கண்ணி உண்டு. சொல்லாமல் விட்டால் புதியது முதலில் வரும், பழையது கடைசியில். மாதக் கோப்புகளைச் சேர்த்து ஆண்டறிக்கை எடுப்பவருக்கு டிசம்பர் முன்னாலும் ஜனவரி பின்னாலும் கிடைக்கும். நிரலில் வரிசைப்படுத்தும் ஸ்டெப் ஒன்றைப் போட மறந்தவர்கள் இதை அறிக்கை அச்சாகி வந்த பிறகு கண்டுபிடிப்பார்கள்.

வி-க்குப் பின் உள்ள இரண்டு இலக்கத்தைப் பலர் வாழ்நாள் முழுக்க 00 என்றே பார்த்திருப்பார்கள். அதற்கும் வேலை உண்டு. வரிசையின் நடுவில் இருக்கும் ஒரு தலைமுறை தவறானது என்று தெரிந்தால், அதற்குப் பின் வந்தவற்றைக் கலைக்காமல் அதை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். ஜி0412வி00 இருக்கும் இடத்தில் ஜி0412வி01 என்று முழுப்பெயர் கொடுத்து எழுதிக் கேட்டலாக்கில் ஏற்றினால், புதியது பழையதன் நாற்காலியில் உட்கார்ந்துவிடும். (+1) போன்ற ஒப்பு எண்ணால் இதைச் செய்ய முடியாது. ஒரு தலைமுறைக்கு ஒரு பதிப்பு மட்டும்தான் வரிசையில் இருக்கலாம். பழைய பதிப்பு கேட்டலாக்கிலிருந்து இறங்கிவிடும். அது டிஸ்க்கிலிருந்தும் அழிந்ததா இல்லையா என்பது குழுவை உருவாக்கியபோது கொடுத்த விதியைப் பொறுத்தது. தணிக்கை செய்பவருக்கு வி01 ஒரு தகவல்: இங்கே யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

மறதியும் விதிப்படிதான் நடக்கிறது. குழுவை உருவாக்கும்போதே எத்தனை தலைமுறை வரை வைத்திருக்கலாம் என்று எல்லை சொல்லிவிட வேண்டும். நெடுங்காலம் அந்த எல்லையின் உச்சம் 255. நாளுக்கு ஒரு தலைமுறை என்றால் ஓராண்டுக்கே அது போதாது. 2015இல் வந்த ஐபிஎம்மின் இசட்/ஓஎஸ் 2.2 இயங்குதளத்தில் நீட்டிக்கப்பட்ட ஜிடிஜி என்ற வகை சேர்க்கப்பட்டு எல்லை 999 ஆயிற்று. எல்லை நிறைந்த பிறகு இன்னொன்று பிறந்தால், பொதுவாக மிகப் பழையது ஒன்று வரிசையிலிருந்து உருண்டு விழும். ஆனால் ‘எம்ப்டி’ என்ற விதியைக் கொடுத்திருந்தால் மிகப் பழையது மட்டுமல்ல, இருந்த தலைமுறைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் விழும். ஆண்டுதோறும் புதுக்கணக்குத் தொடங்குகிற சில வேலைகளுக்கு அது பொருந்தும். பொருள் தெரியாமல் கொடுத்தால் ஒரே இரவில் வரிசை காலியாகிவிடும். விழுந்த கோப்பு அழியவேண்டுமா, டிஸ்க்கில் கிடக்கவேண்டுமா என்பதை ‘ஸ்கிராட்ச்’, ‘நோஸ்கிராட்ச்’ என்ற விதிகள் சொல்கின்றன.

நோஸ்கிராட்ச் என்றால், சேமிப்பிடத்தை நிர்வகிக்கும் எஸ்எம்எஸ் என்ற அமைப்பின் மேலாண்மையில் உள்ள தலைமுறை ‘ரோல்டு-ஆஃப்’ என்ற நிலையில் கேட்டலாக்கிலேயே தங்கும். ஒப்பு எண்ணுக்கு அது அகப்படாது. முழுப்பெயர் தெரிந்தவர் கேட்டால் வரும். அந்த மேலாண்மைக்கு வெளியே உள்ள கோப்போ கேட்டலாக்கிலிருந்தே போய்விடும். எந்த வால்யூமில் இருந்தது என்று தெரிந்தால் அந்த வால்யூமின் உள்ளடக்க அட்டவணையான விடாக்கில் தேடி எடுக்கலாம். ‘டிஃபர்டு’ என்று இன்னொரு நிலை உண்டு: எழுதத் தொடங்கி, வரிசையில் சேரும் முன் ஜாப்போ கணினியோ நின்றுபோனதால் வாசலில் நிற்கும் தலைமுறை. பழைய கோப்பைத் தேடி வருகிறவர் பட்டியலில் பெயர் இருக்கிறதே என்று மட்டும் பார்த்தால் போதாது, இந்த நிலைக் குறிப்பையும் படிக்கவேண்டும்.

இரண்டு இடங்களில் நினைவு இருந்தால் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். டிபி2 தரவுத்தளத்தின் இமேஜ் காப்பிகளைப் பெரும்பாலும் ஜிடிஜியில்தான் எடுத்துவைப்பார்கள். எந்த நகல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று டிபி2 தன் சிஸ்காப்பி அட்டவணையில் முழுப்பெயரோடு எழுதிக்கொள்ளும். ஜிடிஜியின் எல்லை நிறைந்து பழைய நகல் உருண்டு விழும்போது டிபி2-க்கு யாரும் செய்தி சொல்வதில்லை. அட்டவணையில் பெயர் இருக்கும், கோப்பு இருக்காது. அந்த நாளுக்குத் திரும்பிப்போக வேண்டிய நெருக்கடி வரும்வரை அது வெளியே தெரியாது. இதற்காகவே மாடிஃபை ரிகவரி என்ற பயன்பாட்டில் ஜிடிஜியின் எல்லையை ஒட்டியே பழைய குறிப்புகளை நீக்கச் சொல்லும் வசதி பிறகு சேர்க்கப்பட்டது.

இரவு ஓட்டங்களின் வரிசை குலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த சான்று 2012 ஜூனில் பிரிட்டனில் நடந்தது. ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து குழுமத்தில் பேட்ச் வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் மென்பொருளை மேம்படுத்தினார்கள். சிக்கல் தெரிந்ததும் பழைய பதிப்புக்குத் திரும்பினார்கள். புதியதும் பழையதும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. நாட்வெஸ்ட், அல்ஸ்டர் வங்கிகளையும் சேர்த்துக் குறைந்தது 65 லட்சம் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். அல்ஸ்டர் வங்கியில் தொல்லை ஜூலைவரை நீண்டது. இருப்பு சரியாகத் தெரியவில்லை, கட்டணங்கள் போய்ச்சேரவில்லை. 2014 நவம்பரில் பிரிட்டனின் கட்டுப்பாட்டு அமைப்புகள் இரண்டும் சேர்ந்து 5.6 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. ஒரு நாளின் ஓட்டம் முடிந்தால்தான் அடுத்த நாளைத் தொடங்க முடியும் என்ற அமைப்பில் பின்தங்கிய வேலை நாளுக்கு நாள் குவியும். எது முடிந்தது, எது பாதியில் நிற்கிறது என்று பிரித்தறிவதே பெரும் வேலையாகிவிடும்.

அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு பழைய தலைமுறையை எதை வைத்து அடையாளம் காண்பது? பெயரில் உள்ள எண் வரிசையைச் சொல்லும், நாளைச் சொல்லாது. அந்த எண்ணும் 9999 வரைதான் போகும். அதற்குப் பின் மீண்டும் தொடக்கத்திலிருந்து வரும். அதனால் சிறிய எண் பழையது என்றும் எப்போதும் கொள்ள முடியாது. உருவான தேதியைப் பார்க்கலாம். ஆனால் கெட்டுப்போன தலைமுறைக்குப் பதிலாக நேற்று நகலெடுத்து வைத்த கோப்பின் தேதி நேற்றைய தேதியாகத்தான் இருக்கும், உள்ளே இருப்பது போன மாதத்துக் கணக்கு. கடைசியாகத் தொட்ட தேதி இன்னும் மோசம். யாராவது திறந்து படித்துப் பார்த்தாலே அது மாறிவிடும்.

நல்ல நிறுவனங்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன, அது டேப் காலத்திலிருந்தே வருவது. கோப்பின் முதல் பதிவாக ஒரு தலைப்பு எழுதுவார்கள்: இது எந்த வணிக நாளின் கணக்கு, எத்தனையாவது ஓட்டம். கடைசிப் பதிவில் எத்தனை கணக்குகள், மொத்த இருப்பு எவ்வளவு. நிரல் (0)-ஐத் திறந்ததும் தலைப்பில் உள்ள நாளைப் பார்க்கும். அது முந்தைய வணிக நாளாக இல்லாவிட்டால், ஒரு கணக்கையும் தொடாமல் நின்றுவிடும். பழைய மொத்தத்தோடு அன்றைய வரவைக் கூட்டிப் பற்றைக் கழித்தால் வரும் தொகை புதிய மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்கும். ஏற்கெனவே செவ்வாய் ஏறிய ஜி0418-ஐ மறுபடி செவ்வாய்க்கிழமை ஓட்டத்துக்குக் கொடுத்தால் முதல் பதிவிலேயே அது சிக்கிக்கொள்ளும். இதற்கு ஆகும் செலவு இரண்டு பதிவுகளும் கோபாலில் சில பத்து வரிகளும். இந்த வரிகளை எழுதியவர்கள் பலர் ஓய்வுபெற்றுவிட்டார்கள். நிரலை வேகப்படுத்தவோ வேறு தளத்துக்கு மாற்றவோ வருகிற புதியவர்கள் ‘இந்தச் சோதனை ஒருமுறைகூடத் தோற்றதில்லையே’ என்று அவற்றைத் தூக்கிவிட நினைப்பதுண்டு. தூக்கும் முன், அந்த ஜாப் கடைசியாக எப்போது முதலிலிருந்து மறுபடி ஓட்டப்பட்டது என்று ஓட்டங்களின் குறிப்பேடான ரன் புக்கில் பார்த்துவிடுவது நல்லது.